இதய அறுவைக்குப் பின் வந்த வலிப்பு: இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துதான் காரணமா?

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு மகள்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 64, எடை 62 கிலோ. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதம் அவருக்கு இதய வால்வை மாற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. திசு வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அறுவை நல்லபடியாக முடிந்ததாகச் சொன்ன நான்கு மணி நேரத்திற்குள், தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கம் தெளிந்துகொண்டிருந்தபோது, அவருக்குக் கை கால்கள் வெட்டி இழுத்து வலிப்பு வந்துவிட்டது. அதுவரை அவருக்கோ எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்குமோ வலிப்பு வந்ததில்லை. அன்றிரவே எடுத்த சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவோ அடைப்போ இல்லை என்றார்கள். "இரத்தம் அதிகம் போகாமலிருக்க ஒரு மருந்து கொடுப்போம், சிலருக்கு அதனால் இப்படி வருவதுண்டு" என்று இளம் மருத்துவர் ஒருவர் நடைபாதையில் நின்றபடி சொல்லிவிட்டுச் சென்றார். அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது வலிப்பைத் தடுக்கும் லெவெடிரசெட்டம் மாத்திரை 500 மில்லிகிராம் காலையும் இரவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு மூன்று ஐயங்கள். இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? என் தந்தை இனி வலிப்பு நோயாளியாகக் கருதப்பட்டு ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டுமா? அடுத்த ஆண்டு அவருக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் இதே மருந்தைத்தான் கொடுப்பார்கள் என்கிறார்களே, அப்போது என்ன செய்வது?

பதில் 1 (இதய அறுவைகளில் பணிபுரியும் மயக்க மருத்துவர்)

வணக்கம் சகோதரி. உங்கள் தந்தையை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு நேர்ந்தது இதுதான் என்று அறுதியிட்டுக் கூற மாட்டேன். ஆயினும் நீங்கள் விவரித்த நேரம், ஸ்கேன் முடிவு, அறுவையின் வகை ஆகிய மூன்றும் எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வோடு பொருந்துகின்றன.

அந்த மருந்தின் பெயர் டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானைச் சேர்ந்த ஒகமோட்டோ தம்பதியர் 1962-இல் உருவாக்கியது. இரத்தம் உறைந்து உண்டாகும் ஃபைப்ரின் வலையைக் கரைப்பதற்கென்றே நம் உடலில் பிளாஸ்மின் என்ற நொதி உண்டு. அதன் மூலப்பொருளான பிளாஸ்மினோஜென், ஃபைப்ரினில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். டிரானெக்சாமிக் அமிலம் லைசினைப் போன்ற உருவம் கொண்டிருப்பதால், பிளாஸ்மினோஜெனின் கைகளைத் தானே நிரப்பிக்கொண்டு, அது ஃபைப்ரினை எட்டாமல் தடுத்துவிடுகிறது. புதிதாக இரத்தத்தை உறைய வைப்பது இதன் வேலையன்று. ஏற்கெனவே உறைந்தது கரையாமல் காப்பதே இதன் வேலை. அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயங்கும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் மணிக்கணக்காக இரத்தம் சுற்றி வரும்போது இந்தக் கரைப்பு வேலை உடலில் மிகுந்துவிடும் என்பதால், இதய அறுவையில் இம்மருந்தை ஏறத்தாழ எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

உருவ ஒற்றுமைதான் மூளையிலும் சிக்கலை உண்டாக்குகிறது. இம்மருந்து கிளைசின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தையும் ஒத்திருக்கிறது. நரம்பு மண்டலத்தில் கிளைசினும், காபா என்னும் இன்னொரு வேதிப்பொருளும் அடக்கி வைக்கும் பணியைச் செய்பவை. வண்டிக்குப் பிரேக் எப்படியோ அப்படி. டிரானெக்சாமிக் அமிலம் கிளைசின் ஏற்பிகளை, அதாவது நரம்பணுவில் கிளைசின் வந்து பொருந்தும் இடங்களை, அடைத்துவிடுகிறது. செறிவு இன்னும் கூடினால் காபா ஏற்பிகளையும் அடைக்கிறது. பிரேக் பிடிக்காத நிலையில் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் துடிப்பதே வலிப்பு. டொரொன்டோவில் செய்து 2012-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெருந்தமனி அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் மருந்தின் அளவை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, இரத்தநாளம் வழியாகத் தொடர்ந்து ஏற்றிய மருந்தை நிறுத்திய பிறகுதான் அங்கே செறிவு உச்சத்தைத் தொட்டது தெரிந்தது. ஒரு நோயாளிக்கு வலிப்பு வந்த நேரமும் அந்த உச்சமும் ஒன்றாக இருந்தன. மயக்கம் தருவதற்கு நாங்கள் பயன்படுத்தும் ஐசோஃப்ளுரேன், புரோபோஃபால் போன்றவை அதே கிளைசின் ஏற்பிகளுக்கு வலுவூட்டுபவை என்பதால், அறுவை நடக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. மயக்க மருந்து விலகும் வேளையில் டிரானெக்சாமிக் மட்டும் மூளை நீரில் தங்கிவிடுகிறது. உங்கள் தந்தைக்கு நான்கு மணி நேரம் கழித்து வந்ததன் பொருத்தம் இதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அளவு. 2007 வரை பல நாடுகளில் இரத்தப்போக்கைக் குறைக்க அப்ரோட்டினின் என்ற மருந்துதான் கடினமான இதய அறுவைகளில் முதலிடம் வகித்தது. மாட்டின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படுவது. கனடாவில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் அதைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால் அந்த ஆண்டே விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப டிரானெக்சாமிக் அமிலத்தைப் பெரும் அளவில் கொடுக்கத் தொடங்கியதும், இதய அறுவைக்குப் பிந்தைய வலிப்புகள் கூடிவிட்டன என்று பல மருத்துவமனைகள் எழுதின. ஒன்ராறியோ மாநிலத்து லண்டன் நகரில் ஒரு மருத்துவக் குழு, தங்கள் நோயாளிகளிடையே வலிப்பு 1.3 விழுக்காட்டிலிருந்து 3.8 விழுக்காடாக உயர்ந்ததை 2010-இல் வெளியிட்டது. அங்கே கொடுக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 61 முதல் 259 மில்லிகிராம் வரை.

உங்கள் தந்தையின் எடைக்கே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2022-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் இரண்டு அளவுகளை ஒப்பிட்டார்கள். கூடுதல் அளவு: தொடக்கத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், இயந்திரத்தில் 2, பிறகு மணிக்கு 16. குறைந்த அளவு: 10, 1, மணிக்கு 2. ஐந்து மணி நேர அறுவையில் 62 கிலோ எடையுள்ளவருக்கு முதல் முறைப்படி ஏறத்தாழ 7 கிராம் போகும். இரண்டாம் முறைப்படி 1.3 கிராம்தான். வலிப்பு முறையே 1.0 விழுக்காடும் 0.4 விழுக்காடும் ஆக இருந்தது. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 21.8 விழுக்காடும் 26.0 விழுக்காடும். கூடுதல் அளவில் ஆதாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஆதாயத்துக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

அடுத்தது சிறுநீரகம். இம்மருந்தைக் கல்லீரல் சிதைப்பதில்லை; 95 விழுக்காட்டுக்கு மேல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் 1.36-ஐத் தாண்டினாலே அளவைக் குறைக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. பதினைந்தாண்டுச் சர்க்கரை நோய் என்கிறீர்கள். அறுவைக்கு முன் அவருடைய கிரியாட்டினின் எவ்வளவு என்று தயவுசெய்து பாருங்கள்.

பதில் 2 (வாசகர்)

மன்னிக்கவும், இடையில் ஓர் ஐயம். மாதவிலக்கில் மிகுந்த இரத்தப்போக்கு இருப்பதால் என் மனைவிக்கு மகப்பேறு மருத்துவர் டிரானெக்சாமிக் அமில மாத்திரைகளைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு அவள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டாள். அதுவும் அபாயமா?

பதில் 3 (மகப்பேறு மருத்துவர்)

எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்வழியாக உட்கொள்ளும்போது ஏறத்தாழ பாதி மருந்துதான் இரத்தத்தில் சேரும். ஒரு நாளைக்கான மொத்த அளவும் பல வேளைகளாகப் பிரிந்து போகிறது. மயக்க மருத்துவர் மேலே விவரித்த செறிவுக்கும் இதற்கும் வெகு தூரம். சிறுநீரகக் கோளாறோ, முன்பு வலிப்பு வந்த வரலாறோ, காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்த வரலாறோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் மீண்டும் பேசிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

பதில் 4 (மதுரை வாசகர்)

நான் மருத்துவன் அல்லன். ஆனால் கேட்கத் தோன்றுகிறது: வலிப்பை வரவழைக்கும் என்று 2010-லிருந்தே தெரிந்த ஒரு மருந்தை இன்னும் ஏன் கொடுக்க வேண்டும்? இரத்தம் போனால் இரத்தம் ஏற்றிக்கொள்ளலாமே. எங்கள் ஊரில் உறவினர்கள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லாததும் தவறில்லையா?

பதில் 5 (மயக்க மருத்துவர், மீண்டும்)

ஐயா, சொல்லாதது தவறுதான். அறுவைக்கு முன் ஒப்புதல் வாங்கும் தாளில் இருபது அபாயங்களை அச்சிட்டிருக்கிறோம். அதில் இது பல இடங்களில் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மருந்தையே கைவிடுவது என்பது வேறு. ஆஸ்திரேலியக் குழு முன்னின்று பல நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது; இதயத் தமனி அறுவை செய்துகொண்ட 4,631 பேர் அதில் இருந்தார்கள். மிகு இரத்தப்போக்காலோ இதய உறையில் இரத்தம் தேங்கியதாலோ நெஞ்சை மறுபடி திறக்க வேண்டியிருந்தவர்கள், மருந்து பெறாதவர்களில் 2.8 விழுக்காடு, பெற்றவர்களில் 1.4. வலிப்பு, பெறாதவர்களில் 0.1 விழுக்காடு, பெற்றவர்களில் 0.7. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் பதினான்கு பேரை மறு அறுவையிலிருந்து காக்கிறோம், ஆறு பேருக்கு வலிப்பை வரவழைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு நெஞ்சை மறுபடி திறப்பது எப்படிப்பட்டது என்று அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், இந்தப் பேரத்தை நான் ஏற்கிறேன். ஆய்வு நடக்கும்போதே வலிப்புச் செய்திகள் வரத் தொடங்கியதால், கிலோவுக்கு 100 மில்லிகிராமாக இருந்த அளவை அவர்கள் 50-ஆகக் குறைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 50 என்பதுகூட உயர்ந்த அளவுதான் என்பது என் கருத்து. காயம்பட்டு இரத்தம் இழந்த அல்லது இழக்கும் அபாயத்தில் இருந்த 20,211 பேரிடம் நடந்த ஆய்வில் உயிர்களைக் காக்க மொத்தம் 2 கிராமே போதுமானதாக இருந்தது.

இரத்தம் ஏற்றுவதும் தீங்கற்ற செயல் அன்று. ஒவ்வாமை, நுரையீரலில் நீர் கோத்தல், தொற்று எல்லாம் அதிலும் உண்டு. உறவினர்கள் வரிசையில் நிற்கும் ஊர் என்பதும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இரத்தநாளத்தில் செலுத்தாமல், நெஞ்சை மூடும் முன் மருந்தை இதய உறைக்குள் நேரடியாக ஊற்றினால் மூளைக்குப் போகாதல்லவா என்று சிலர் நினைத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு 0.7-இலிருந்து 0.2 விழுக்காடாகக் குறைந்து காணப்பட்டது. ஆனால் வந்ததே பதினைந்து பேருக்குத்தான் என்பதால் அந்த வேறுபாட்டை உறுதியாக நம்ப இயலவில்லை. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்களோ 26.8-இலிருந்து 35.1 விழுக்காடாகக் கூடிவிட்டார்கள்.

பதில் 6 (நரம்பியல் மருத்துவர்)

கேள்வி கேட்ட சகோதரியின் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். வலிப்பு என்பது நிகழ்வு. வலிப்பு நோய் என்பது தூண்டுதல் எதுவுமின்றி மீண்டும் மீண்டும் வலிப்பு வரும் இயல்பு. சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும், சோடியம் குறைந்தாலும், இத்தகைய மருந்து மூளையில் தேங்கினாலும் எவருக்கும் வலிப்பு வரலாம். காரணம் விலகியதும் அந்த மூளை பழைய மூளையே. மருந்து சில நாட்களில் உடலைவிட்டு முற்றிலும் வெளியேறிவிடும். ஆகவே மருந்தால்தான் வந்தது என்பது உறுதிப்பட்டால், ஆயுள் முழுவதும் மாத்திரை என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலும் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவோம். நீங்களாகவே நிறுத்த வேண்டாம். லெவெடிரசெட்டமும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது என்பதால் அதன் அளவும் கிரியாட்டினினைப் பொறுத்தது.

ஒன்றை மட்டும் சற்றுக் கண்டிப்பாகச் சொல்கிறேன். "மருந்தால் வந்தது" என்பது மற்ற காரணங்களை விலக்கிய பிறகு வந்து சேர வேண்டிய முடிவு. கேட்டவுடன் நடைபாதையில் சொல்லிவிடும் முடிவன்று. வால்வு அறுவையில் இதயத்தின் அறைகளையே திறப்பதால், காற்றுக் குமிழியோ சுண்ணாம்புத் துகளோ மூளைத் தமனிக்குப் போகும் வாய்ப்பு உண்டு. முதல் சில மணி நேரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் புதிய அடைப்பைத் தவறவிடக்கூடும். மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டு ஆய்வில் வலிப்பு வந்தவர்களிடையே பக்கவாதமும் இறப்பும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. வலிப்பு அதற்குக் காரணமா, இரண்டுக்கும் வேறொரு பொதுக் காரணமா என்பது தனிக் கேள்வி. உங்கள் தந்தைக்குக் கை கால் பலம், பேச்சு, பார்வை ஆகியவற்றில் எந்த மாற்றமும் இல்லை என்றால் கவலை பெரிதும் குறைகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

பதில் 7 (அறுவை அரங்கச் செவிலியர்)

முழங்கால் அறுவையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்த அறுவை பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துதான் நடக்கும். முதுகில் போடும் பூபிவகெயின் மருந்தும் டிரானெக்சாமிக் அமிலமும் ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள கண்ணாடிக் குப்பிகளில் வருவதுண்டு. அவசரத்தில் குப்பி மாறி, டிரானெக்சாமிக் அமிலத்தை முதுகுத் தண்டு நீருக்குள்ளேயே செலுத்திய கொடுமை பல நாடுகளில் நடந்திருக்கிறது. நோயாளிக்கு மரத்துப்போவதற்குப் பதில் முதுகிலும் இடுப்பிலும் தாங்க முடியாத எரிச்சல், கால்களில் துடிப்பு, பிறகு அடக்கவியலாத வலிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாதல். 2019-இல் தொகுத்து வெளியிட்ட 21 நிகழ்வுகளில் 10 பேர் இறந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது.

இதய அறுவையில் வரும் வலிப்பையும் இதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அங்கே இரத்தத்திலிருந்து சிறிதளவு மூளை நீருக்குக் கசிகிறது, இங்கே முழு மருந்தும் நேராகப் போய்விடுகிறது. நாங்கள் டிரானெக்சாமிக் குப்பிகளை முதுகு ஊசித் தட்டு இருக்கும் அறைப் பகுதியிலேயே வைப்பதில்லை. ஊசியில் ஏற்றும்போது ஒருவர் பெயரை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் இரவு இரண்டு மணிக்குச் செய்ய வேண்டும் என்பதில்தான் கடினம்.

கேள்வி கேட்டவர் (பத்து நாட்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. மருத்துவமனையில் எழுதிக் கேட்டு மயக்கப் பதிவேட்டின் நகலை வாங்கினேன். முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முன் கிரியாட்டினின் 1.6 என்று இருக்கிறது. டிரானெக்சாமிக் அமிலம் மொத்தம் 5 கிராம் போயிருக்கிறது. இயந்திரத்தில் இருந்த நேரம் 170 நிமிடம். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், புதிய அடைப்பு எதுவும் இல்லை. ஈ.ஈ.ஜி.யும் இயல்பாக இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் லெவெடிரசெட்டத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டார். முழங்கால் அறுவைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் மிச்சம்.

பதில் 8 (மயக்க மருத்துவர்)

5 கிராமை 62 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 80 மில்லிகிராம். 1.6 கிரியாட்டினின் உள்ள ஒருவருக்கு நான் அவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் எத்தனையோ மருத்துவமனைகளில் இன்றும் அதுவே வழக்கமான அளவு என்பதையும், எனவே தனி ஒருவரின் கவனக்குறைவாக இதை எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முழங்கால் அறுவையில் பொதுவாகக் கொடுப்பது 1 கிராம், சில இடங்களில் மறுபடியும் 1 கிராம். இதயம் அல்லாத அறுவைகளில் 9,535 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்விலும் தொடக்கத்தில் 1 கிராம், முடிவில் 1 கிராம் என்றே கொடுத்தார்கள். வலிப்பு வந்தது மருந்து பெற்றவர்களில் 0.2 விழுக்காட்டினருக்கு. உங்கள் தந்தைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மருந்தே இல்லாமல், தொடையில் இறுக்குப்பட்டை கட்டி, இரத்தப்போக்கைக் கவனமாகக் கட்டுப்படுத்திச் செய்யலாம். மூட்டுக்குள் மட்டும் மருந்தை ஊற்றலாம். சிறுநீரகத்துக்கு ஏற்பக் குறைத்த ஒரே ஒரு வேளை மருந்தைக் கொடுக்கலாம். முன்பு வலிப்பு வந்தவருக்கு இம்மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று சில நாடுகளின் மருந்துக் குறிப்பேடு சொல்வதால், நானாக இருந்தால் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். முழங்காலில் இழக்கும் இரத்தம் உயிரை அச்சுறுத்தும் அளவுக்குப் போவது அரிது. அறுவைக்கு இரண்டு மாதம் முன்பே ஹீமோகுளோபினைப் பார்த்து, இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் நிரப்பிவிடச் சொல்லுங்கள். இரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்க அதற்கு ஈடான எளிய வழி வேறில்லை.

"டிரானெக்சாமிக் அமிலம், கிலோவுக்கு 80 மில்லிகிராம், நான்கு மணி நேரத்தில் வலிப்பு, எம்.ஆர்.ஐ. இயல்பு" என்று ஒரு தாளில் எழுதி அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வாமை என்ற தலைப்பில் எழுத வேண்டாம். அப்படி எழுதினால், நாளை அவர் விபத்தில் அடிபட்டு இரத்தம் கொட்டும் நிலையில் கொண்டுவரப்பட்டாலும், 1 கிராம் கொடுக்கவும் யாரும் துணிய மாட்டார்கள்.